இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல்

ஐந்தாண்டில் எத்தனை முறை நாட்டை விட்டுப் போனாய்
என்று கேட்கிறது படிவம்.
ஒரு நாளைத் தாண்டிய பயணம் மட்டும் கணக்கு.
புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, போன நாடு.
ஆறே ஆறு வரிசை.

ஹப்தோம் லாரி ஓட்டுகிறவன்.
சூ ஃபால்ஸிலிருந்து எல்லை தாண்டி வின்னிபெக்குக்குப்
பன்றி இறைச்சி கொண்டுபோகிறவன்.
அதில் ஒரு துண்டும் வாயில் வைத்தவனில்லை.

கூடுதல் தாள் இணைக்கலாம் என்றாள்
புதன்தோறும் நூலகத்துக்கு உதவ வரும் மார்லிஸ்.
எத்தனை என்று சொல்லவில்லை.

அவனுக்குத் தேதி நிற்காது. எனக்கு நிற்கும்.
டயர் கடை கொடுத்தது, தேவாலயம் கொடுத்தது,
ஐந்து வருடக் காலண்டரையும் மேசையில் பரப்பினேன்.
குழாய் வெடித்த ஜனவரி: அவன் இல்லை.
ரொஹாமாவுக்கு முன்பல் விழுந்த செவ்வாய்: இல்லை.
இறைச்சி ஆலையில் என் விரலை நானே அறுத்துக்கொண்டு
ஏழு தையலோடு பேருந்தில் வந்த இரவு:
இல்லை. பெம்பினாவில் பனிப்புயல், இரண்டு நாள்.
அவர்கள் கேட்டது எப்போது போனான் என்று.
நான் வைத்திருந்தது எப்போது இல்லை என்று.
தேதி என்னவோ ஒன்றுதான்.

நாற்பத்தொரு பயணம். தொண்ணூற்றாறு நாள்.
பாதிக் காலமாவது இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டுமாம்.
தாராளமாய் இருந்திருக்கிறார், கவலையே வேண்டாம்
என்றாள் மார்லிஸ்.
அரசாங்கத்துக்குப் போதும் அளவுக்கு இருந்திருக்கிறான்.

வரி கட்டினாயா? கட்டினேன்.
அபராதம்? ஃபார்கோ அருகே, வேகம், நூற்றிருபது டாலர்.
குடிகாரனா? சூதாடியா?
ஒன்றுக்கு மேல் மனைவி உண்டா?
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
இல்லை என்றான். மார்லிஸ் சிரித்துவிட்டாள்.

எங்காவது அடைத்து வைக்கப்பட்டாயா?
ஆம்.
என்ன குற்றம்?
யாரும் சொல்லவில்லை.
எழுத ஏதாவது வேண்டுமே என்று பேனாவைப் பிடித்திருந்தாள்.
கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி,
பதினொரு மாதம், இருபத்தாறு பேர்,
பகலில் சுவரில் முதுகு படக்கூடாது என்றான்.
தாளில் அது இரண்டரை வரிதான் வந்தது.
இப்போது அவன் இழுத்துப் போவதும் பெட்டிதான். குளிரூட்டியது.
இதை நான் அவனிடம் சொன்னதில்லை.

கடைசிப் பக்கம்.
சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா?

பேனாவை வைத்தான்.
மதம் தடுத்தால் விலக்கு உண்டு,
ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதும் என்றாள் மார்லிஸ்.
மதம் தடுக்கவில்லை என்றான்,
மேல்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.
கண்ணாடி வழியே தெரிந்தது:
காருக்குள் உட்கார்ந்திருக்கிறான், எஞ்சின் போடாமல்,
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரியில்.
மார்லிஸ் என் பக்கம் மிட்டாய்க் கிண்ணத்தைத் தள்ளினாள்.
இரண்டு எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து அவன் கேட்டது ஒன்றே:
எத்தனை காலம் என்று இதில் எழுதியிருக்கிறதா?
இல்லை, என்றாள் மெதுவாக.
அங்கே எழுதியிருந்தார்கள் என்றான்.
பதினெட்டு மாதம் என்று.
ஒன்பது வருடம் கழித்து ஓர் இரவில்
நடந்தே எல்லையைக் கடந்தவன் அவன்.

'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டான்.
குறி கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
பரவாயில்லை, இதைத் தள்ளமாட்டார்கள் என்றாள்.

நேர்காணல் எப்போது வரும், தெரியாது.
அதுவரை போகிற பயணங்களையும் சொல்லியாக வேண்டும்.
நூறு கேள்விகளைக் காதில் மாட்டிக்கொண்டு
செனட்டர்கள் நூறு பேர், செனட்டர்கள் நூறு பேர் என்று
மனிட்டோபாவின் காற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டு
வியாழன் விடியுமுன் கிளம்பிவிட்டான்.
நாற்பத்திரண்டு.
குளிர்பெட்டிக் கதவில் பென்சிலால் குறித்தேன்.

மேசை இழுப்பறையில் என் படிவமும் இருக்கிறது.
அந்தப் பக்கத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன்.
பயணங்கள்: ஒன்றுமில்லை.